எத்தனை சுற்று? எத்தனை தடவை?



உடற்பயிற்சிக் கூடத்திற்குப் புதிதாகச் செல்லும் இளைஞர் எவரும் முதல் வாரத்திலேயே கேட்கும் வினா ஒன்று உண்டு. “எத்தனை சுற்று தூக்குவது? சுற்றுக்கு எத்தனை தடவை தூக்குவது?” என்பதே அது. இதற்கு விடை சொல்ல அங்கே பலர் காத்திருக்கின்றனர். ஒருவர், “மூன்று சுற்று, பத்துத் தடவை” என்பார். மற்றொருவர், “அதெல்லாம் பழைய முறை, ஐந்து சுற்று, ஐந்து தடவை” என்பார். மூன்றாமவரோ, “எண்ணிக்கையே வேண்டாம், கை சோர்ந்து விழும் வரை தூக்கு” என்பார். மூவரும் தத்தம் திரண்ட புயங்களையே சான்றாகக் காட்டுவர். கேட்ட இளைஞர் திங்கட்கிழமை ஒருவர் சொற்படியும் புதன்கிழமை மற்றவர் சொற்படியும் நடந்து பார்க்கிறார். இரண்டு திங்கள் கழிந்ததும், “நம் உடம்புக்கு இது ஏறாது” என்று முடிவு கட்டி, வீட்டோடு இருந்துவிடுகிறார். சிலர் பிறர் முன்னிலையில் பெரிய எடையைத் தூக்கிக் காட்டப் போய், முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். நல்ல ஊக்கத்தோடு தொடங்கிய முயற்சி இவ்வாறு வீணாவது வருந்தத்தக்கது. ஆதலின், இவ்வினாவுக்கு விடை காணும் வழியை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எடையை ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு தடவை. இடையே ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் தடவைகளின் கூட்டம் ஒரு சுற்று. இவற்றையே பயிற்சிக் கூடங்களில் ‘ரெப்’ என்றும் ‘செட்’ என்றும் வழங்குகின்றனர். மூன்று சுற்று, பத்துத் தடவை என்றால், பத்துத் தடவை தூக்கி, இரண்டு நிமிடம் இளைப்பாறி, மறுபடியும் பத்து, மறுபடியும் இளைப்பாறிப் பத்து, ஆக முப்பது. ஆனால், எத்தனை கிலோ என்பதும், வாரத்திற்கு எத்தனை நாள் என்பதும் சேர்ந்தால்தான் இக்கணக்கு முழுமை பெறும். ‘மூன்று பத்து’ என்று மட்டும் சொல்வது, “நான் நாள்தோறும் மூன்று மணி நேரம் படிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, எந்தப் பாடத்தைப் படிக்கிறேன் என்பதைச் சொல்லாமல் விடுவது போன்றது.

நம் ஊர்களில் இளவட்டக் கல் என்று ஒன்று உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். வழவழப்பான உருண்டைக் கல் அது. தரையிலிருந்து அதைப் பெயர்த்து, முழங்காலில் ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்கு மேலே கொண்டுசென்று பின்புறம் தள்ளுகிறவனே வீரன். இதிலே சுற்றும் இல்லை, தடவையும் இல்லை. தூக்கினான், அல்லது தூக்கவில்லை என்ற இரண்டே விடைகள். அந்தக் கல் வளர்வதுமில்லை, தேய்வதுமில்லை. வலிமை உடையவன் யார் என்பதை அது காட்டும். வலிமை இல்லாதவன் அதை எவ்வாறு பெறுவது என்பதைச் சொல்லித் தாராது. சுருங்கக் கூறின், இளவட்டக் கல் ஒரு தேர்வு. அது பாடம் அன்று.

பண்டைக் கிரேக்கரிடையே வேறொரு கதை வழங்கியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில், தென் இத்தாலியிலிருந்த குரோட்டன் என்னும் கிரேக்க நகரத்தில் மைலோ என்ற மல்லர் வாழ்ந்தார். ஒலிம்பிக் மற்போரில் ஆறு முறை வாகை சூடியவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். அவர் ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கிச் சுமந்தார். கன்று வளர வளர அவர் வலிமையும் வளர்ந்தது. முடிவில் முழுக் காளையையே சுமந்தார் என்பது கதை. உண்மையாக நிகழ்ந்ததோ இல்லையோ, இதில் ஒரு பாடம் இருக்கிறது. இன்று தூக்கும் எடை நேற்றைய எடையைவிடச் சிறிதே மிகுதியாக இருத்தல் வேண்டும் என்பதே அது. எனினும், கன்றிடத்திலும் ஒரு குறை உண்டு. அது உங்களைக் கேட்டுக்கொண்டு வளர்வதில்லை. உங்களுக்குக் காய்ச்சல் கண்டாலும், தேர்வு வந்தாலும், அது தன் போக்கில் வளர்ந்துகொண்டேயிருக்கும். கல் வளராது, கன்று நிற்காது. நாம் ஏற்றினால் ஏறி, இறக்கினால் இறங்கி, நிறுத்தினால் நிற்கும் எடை ஒன்று வேண்டும். இரும்புத் தண்டும் அதில் மாட்டும் தட்டுகளும் அத்தகையவை. சுற்று, தடவை என்னும் கணக்கெல்லாம், அந்தத் தட்டை எப்போது ஏற்றுவது என்பதை அறிவதற்காகவே ஏற்பட்டது.

இக்கணக்கை மருத்துவ அறிவோடு முதன்முதலில் ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க மருத்துவர். இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்தவர். பின்னர் எடை தூக்கிப் பழகித் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், சிகாகோ நகரிலிருந்த கார்டினர் இராணுவ மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். கால் முறிந்தும் முழங்கால் சிதைந்தும் வந்த வீரர்களின் தசைகள் மெலிந்து கிடந்தன. அக்காலத்திய வழக்கப்படி, இலேசான அசைவுகளைப் பலமுறை செய்யச் சொல்லிவந்தனர். தசை தேறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. டிலார்ம் அதை மாற்றிக் கனமான எடையைக் கொடுத்தார். எடையைப் படிப்படியாக உயர்த்தினார். 1945ஆம் ஆண்டில் தம் முறையை மருத்துவ இதழில் வெளியிட்டார்.

தொடக்கத்தில் அவர் விதித்தது, சுற்றுக்குப் பத்துத் தடவையாக ஏழு முதல் பத்துச் சுற்று. அவ்வளவு தேவையில்லை என்பதை அனுபவத்திலே கண்டு, 1948ஆம் ஆண்டில் வாட்கின்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து அதனை மூன்று சுற்றாகக் குறைத்தார். ஒருவர் சரியாகப் பத்துத் தடவை மட்டுமே தூக்கக்கூடிய எடையை முதலிற் கண்டுபிடிப்பது. அதில் பாதியை முதற் சுற்றிலும், முக்காலை இரண்டாம் சுற்றிலும், முழு எடையை மூன்றாம் சுற்றிலும் பப்பத்துத் தடவை தூக்குவது. 20 கிலோ ஒருவருடைய அளவாயின், 10, 15, 20 கிலோ என்று ஏறுவார். இன்று உலகெங்கும் வழங்கும் ‘மூன்று பத்து’ என்ற வாய்பாட்டை நாடறியச் செய்தது இம்முறையே. மந்திரத்தாலோ மரபாலோ வந்த எண் அன்று அது. நோயாளிகளைக் கவனித்து, மிகையென்று கண்டதைக் கழித்து வந்த எண்.

அடுத்து நிகழ்ந்ததையும் கேளுங்கள். 1951ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய சினோவீவ் என்ற மருத்துவர் இதனைத் தலைகீழாக்கினார். முழு எடையில் தொடங்கி, தசை களைக்கக் களைக்க எடையைக் குறைத்துக்கொண்டே பத்துச் சுற்று செய்வது அவர் முறை. 1962ஆம் ஆண்டில் ரிச்சர்டு பெர்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர், கல்லூரி மாணவர்களைப் பல பிரிவுகளாக்கினார். மல்லாந்து படுத்து மார்புக்கு மேலே எடையை உந்தும் பயிற்சியை, ஒவ்வொரு பிரிவும் ஒன்று, இரண்டு, மூன்று சுற்றுகளுள் ஒன்றையும், இரண்டு, ஆறு, பத்துத் தடவைகளுள் ஒன்றையும் இணைத்து, 12 வாரம், வாரத்திற்கு மூன்று நாள் செய்தது. மூன்று சுற்று, ஆறு தடவை செய்த பிரிவே மிகுதியாக முன்னேறியது. ஆனால், மற்றப் பிரிவுகள் முன்னேறவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அனைத்துப் பிரிவுகளுமே வலிமை பெற்றன. ஏறுமுகமும் பயன் தந்தது, இறங்குமுகமும் பயன் தந்தது, ஆறும் தந்தது, பத்தும் தந்தது. ஆகவே, எண்ணைவிட ஆழமான காரணம் ஒன்று இவற்றிற்கெல்லாம் பொதுவாக இருத்தல் வேண்டுமன்றோ?

அதனை அறியத் தசையினுள்ளே சிறிது நோக்க வேண்டும். நம் தசை ஆயிரக்கணக்கான நார்களால் ஆனது. அந்நார்கள் கூட்டங் கூட்டமாகப் பிரிந்து, ஒவ்வொரு கூட்டமும் ஒரு நரம்பணுவின் கட்டளைக்கு உட்பட்டிருக்கிறது. பேனாவைத் தூக்கும்போது சிறு கூட்டங்கள் மட்டுமே வேலை செய்கின்றன. பெரிய கூட்டங்கள் உறங்குகின்றன. எடை மிகும்போது அவையும் அழைக்கப்படுகின்றன. இலேசான எடையாயினும், தூக்கித் தூக்கிச் சிறு கூட்டங்கள் களைத்த பின்னர், முடிவிலே பெரியவை அழைக்கப்படுகின்றன. அழைக்கப்படாத நார் வளர்வதில்லை. இருபது தடவை தூக்க வல்லவர் எட்டுத் தடவையோடு நிறுத்துவாராயின், பெரிய கூட்டங்கள் உறங்கியவாறே இருக்கும். அவர் மூன்று சுற்று செய்தாலென்ன, ஐந்து சுற்று செய்தாலென்ன? பொதுக் காரணம் இதுவே: சுற்றின் இறுதித் தடவைகள் உண்மையாகவே கடினமாக இருத்தல் வேண்டும்.

அப்படியானால் எடைகளுக்குள் வேறுபாடே இல்லையா? உண்டு. 2012ஆம் ஆண்டில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் இளைஞர்களைக் கொண்டு பத்து வாரம் சோதித்தனர். ஒருவர் ஒரே தடவை தூக்கக்கூடிய மிகப் பெரிய எடையை நூறு என்று கொண்டால், அதில் முப்பது பங்கை மட்டும் வைத்துக் களைக்கும் வரை தூக்கிய கால்களும், எண்பது பங்கை வைத்துத் தூக்கிய கால்களும் ஏறத்தாழ ஒரே அளவு பருத்தன. ஆயினும், பெரிய எடையை ஒரு தடவை தூக்கிக் காட்டும் ஆற்றல், எண்பது பங்கில் பயின்றவர்களுக்கே மிகுந்தது. காரணம் எளிது. பெரும்பளுவைத் தூக்குவது வலிமை மட்டும் அன்று, ஒரு கலையும் ஆகும். நரம்புகளும் தசைகளும் இசைந்து ஒரே கணத்தில் செயற்படப் பழக வேண்டும். வீணை பழகியவனுக்கு வீணைதான் வரும். விரல் வலிமை இருக்கிறதென்று மிருதங்கம் வந்துவிடாது.

இங்கே ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதல் விதி நினைவுக்கு வருகிறது. பாடக் குறிப்பு எழுதும் ஆசிரியர், எதைக் கற்பிப்பது என்பதற்கு முன்னர், எதற்காகக் கற்பிப்பது என்பதை எழுத வேண்டும். நீங்களும் நோக்கத்தை முதலில் எழுதுங்கள். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில், 77 கிலோ பிரிவில், இரு வகைத் தூக்கலிலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அவ்விளையாட்டில் ஒவ்வொரு வகைக்கும் மூன்றே வாய்ப்புகள். ஒரு வாய்ப்பில் ஒரே தடவை தூக்கிக் காட்ட வேண்டும். ஆதலால் பளுதூக்கும் வீரர்கள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று தடவை என்ற அளவில், பல சுற்றுகள் பயில்கின்றனர். சோவியத் நாட்டுப் பயிற்சியாளரான பிரிலெபின் என்பவர், வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து ஒரு பட்டியலே வகுத்தார். உச்ச எடையில் 70 முதல் 80 பங்கு வரையுள்ள எடையாயின், சுற்றுக்கு மூன்று முதல் ஆறு தடவை, ஒரு நாளில் மொத்தம் 18 தடவை அளவில் போதும் என்றும், 90 பங்கைத் தாண்டிவிட்டால், சுற்றுக்கு ஒன்றிரண்டு தடவைதான், மொத்தமும் மிகச் சிலவே என்றும் அது கூறுகிறது. எடை ஏற ஏறத் தடவை குறைய வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆனால், உங்களுள் பெரும்பாலோர் மேடையேறிப் பளு தூக்கப் போவதில்லை. உடல் உறுதிபெற வேண்டும், தசை சிறிது திரள வேண்டும், கபடியிலோ ஓட்டத்திலோ தளராமல் நிற்க வேண்டும் என்பதே உங்கள் விருப்பம். அவ்விருப்பத்திற்கு ஏற்ற கணக்கு வேறு. விளையாட்டு மருத்துவத்திற்கான அமெரிக்கக் கல்லூரி 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, புதிதாகத் தொடங்குவோருக்கு 8 முதல் 12 தடவை, ஒன்று முதல் மூன்று சுற்று, வாரத்திற்கு இரண்டு மூன்று நாள் என்று வகுத்தது. குறித்த தடவையைவிட ஒன்றிரண்டு மிகுதியாகத் தூக்க முடிந்தால், எடையை நூற்றுக்கு 2 முதல் 10 பங்கு வரை உயர்த்தலாம் என்றும் அது கூறியது. புதியவருக்கு இது நல்ல தொடக்கம். இதனை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்று ஒரு கணக்காகச் செய்து பார்ப்போம்.

ஒரு மாணவர் 30 கிலோவில் தொடங்குகிறார். முதல் நாள் மூன்று சுற்றுகளிலும் முறையே 10, 9, 8 தடவை தூக்கினார், ஆக 27. எடையை மாற்றாமல் தடவையை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார். சில வாரங்களில் 12, 12, 12 என்ற நிலை வருகிறது, ஆக 36. இப்போது எடையை 32½ கிலோவாக உயர்த்துகிறார். மறுபடியும் 9, 8, 8 என்று தடவை குறைந்துவிடுகிறது. இங்கேதான் பலர் மனமுடைந்து போகின்றனர். “போன வாரம் பன்னிரண்டு தூக்கினேன், இன்று ஒன்பதுதான் வந்தது, என் வலிமை குறைந்துவிட்டது” என்று கலங்குகின்றனர்.

அது பின்னடைவு அன்று என்பதைக் கணக்கே காட்டும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் எப்லி வகுத்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு. தூக்கிய எடையைத் தடவையால் பெருக்கி, 30ஆல் வகுத்து, அதனை எடையோடு கூட்டினால், ஒரே தடவை தூக்கக்கூடிய உச்ச எடை ஏறத்தாழக் கிடைக்கும். 30 கிலோவைப் பத்துத் தடவை தூக்கியபோது அவருடைய உச்சம் 40 கிலோ. அதையே பன்னிரண்டு தடவை தூக்கியபோது 42 கிலோ. 32½ கிலோவை ஒன்பது தடவை தூக்கியபோது 42¼ கிலோ. எண் பன்னிரண்டிலிருந்து ஒன்பதாக இறங்கியது, வலிமையோ இறங்கவில்லை. மேலும், தம் உச்ச எடையை அறிவதற்காக அதனை உண்மையிலேயே தூக்கிப் பார்க்கும் ஆபத்தான ஆசையும் இந்தச் சூத்திரத்தால் தேவையற்றதாகிறது. பத்துத் தடவைக்கு மேற்போகப் போக இச்சூத்திரத்தின் நுட்பம் குறையும். எனினும், ஒருவர் தம்மைத் தாமே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இது போதும்.

தட்டு ஏறும் படியும் சிறிதாக இருத்தல் வேண்டும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் பத்துக் கிலோ எடையுள்ள தண்டு ஒன்றும், ஐந்து கிலோத் தட்டுகளும் மட்டுமே இருந்தன. இருபுறமும் ஒவ்வொரு தட்டு மாட்டினால் 20 கிலோ; அடுத்த படி 30 கிலோ. இருபதைப் பன்னிரண்டு தடவை தூக்கிய சிறுவர்கள், முப்பதை இரண்டு மூன்று தடவைகூடத் தூக்க முடியாமல் வாடினர். ஒரே பாய்ச்சலில் பாதிப் பங்கு கூடினால் யாரால் இயலும்? ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு மாற்றியது போன்றது அது. உடற்கல்வி ஆசிரியரும் மாணவர்களும் ஒரு வழி கண்டனர். காடாத் துணியில் சிறு பைகள் தைத்து, மணல் நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொரு கிலோவாக நிறுத்து, இருபுறமும் தட்டோடு சேர்த்து இறுகக் கட்டினர். 22, 24, 26 என்று படிகள் பிறந்தன. அவ்வாண்டு முடிவதற்குள், 30 கிலோ பலருக்கு எளிதாயிற்று. எளிதிலிருந்து அரிதிற்குச் செல்க என்று ஆசிரியர்க்கு விதித்திருப்பது இரும்புக்கும் பொருந்துகிறது. மணற்பை கட்ட வசதியில்லாத இடத்தில், எடையைக் கூட்டுவதற்கு முன் தடவையைப் பதினைந்து வரை உயர்த்திக்கொள்ளலாம். அல்லது ஒரு சுற்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

வலிமையே முதல் நோக்கமாக உடையவர்க்கு ‘ஐந்து ஐந்து’ என்னும் முறை உகந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தவரும், 1951ஆம் ஆண்டில் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ பட்டம் வென்றவருமான ரெக் பார்க், 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதனை விளக்கினார். ஐந்து சுற்றுகளில் முதல் இரண்டு, உடலைச் சூடேற்றும் இலேசான சுற்றுகள். பின் மூன்றும் முழு எடை. மூன்றிலும் ஐந்தைந்து தடவை நிறைவேறினால், அடுத்த முறை எடையைச் சிறிது ஏற்றுவது. தண்டைத் தோளில் தாங்கிப் பஸ்கி போல் அமர்ந்து எழுதல், தரையிலிருந்து தூக்குதல், மார்புக்கு மேல் உந்துதல் ஆகிய பெரும் பயிற்சிகளுக்கே இது ஏற்றது. முன்கையை மடக்குவது போன்ற சிறு பயிற்சிகளுக்குப் பத்துத் தடவையும் அதற்கு மேலும் நன்று. மூட்டுக்கும் அதுவே இதம்.

இனி, ஏறிக்கொண்டே போகலாமா என்பதைப் பார்ப்போம். தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் இரண்டரைக் கிலோ கூட்ட முடிகிறது. வாரத்திற்கு மூன்று நாள். ஆண்டுக்கு 52 வாரம். அவ்வாறே ஓராண்டு ஏறினால் 390 கிலோ கூடியிருக்க வேண்டும்! அத்தகைய மனிதரை உலகம் கண்டதில்லை. முதற் சில வாரங்களில் தோன்றும் விரைந்த முன்னேற்றம், பெரும்பாலும் நரம்புகள் இணங்கிப் பழகுவதால் வருவது என்பதை, 1979ஆம் ஆண்டில் மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். தசை பெருப்பது பின்னரே. அதுவும் மெல்ல மெல்லவே. ஆகவே, மூன்றாம் நான்காம் மாதத்தில் வேகம் குறைவது தோல்வி அன்று. தொடக்கப் பள்ளி முடிந்து உயர்நிலைப் பள்ளி தொடங்கியது என்று பொருள்.

அந்நிலையில் செய்ய வேண்டியவை யாவை? மூன்று முறை தொடர்ந்து முயன்றும் ஒரு தடவைகூடக் கூடவில்லையாயின், முதலில் உறக்கத்தையும் உணவையும் நோக்குங்கள். தேர்வுக் காலத்தில் கண் விழித்துவிட்டு இரும்பைக் குறை கூறுதல் நியாயம் அன்று. அவை செவ்வையாக இருந்தும் தேக்கம் தொடருமாயின், எடையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து, அங்கிருந்து மறுபடியும் ஏறுங்கள். நீண்ட தாண்டலுக்கு ஓடிவருகிறவன் நாலடி பின்வாங்குவது தோல்விக்கு அன்றே! அதுவும் போதாதாயின், வாரத்தின் நாட்களை வேறுபடுத்துங்கள். ஒரு நாள் கனமான எடையில் ஐந்து தடவை; ஒரு நாள் இலேசான எடையில் பன்னிரண்டு; ஒரு நாள் இடைப்பட்ட எட்டு. ஆண்டு முழுவதையும் இவ்வாறு கனமும் இலேசுமாகப் பிரித்துத் திட்டமிடும் முறையை, 1960களில் சோவியத் அறிஞர் மட்வேயெவ் விரிவாக வகுத்தார். உங்களுக்கு அத்துணை விரிவு வேண்டுவதில்லை. ஆனால், ஒரு முறையைக் குறைந்தது எட்டு வாரமாவது கடைப்பிடித்த பின்னரே அதனை மாற்றலாமா என்று எண்ணுங்கள். செடி வேர் பிடித்ததா என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்த்தால், எந்தச் செடிதான் பிழைக்கும்?

சில எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டியது என் கடமை. கடினமாக இருத்தல் வேண்டும் என்றேன். கை சோர்ந்து எடை விழும் வரை தூக்க வேண்டும் என்று சொல்லவில்லை. “இன்னும் ஒன்றிரண்டு தடவை இயலும்” என்ற நிலையில் நிறுத்துவதே பெரும்பாலான நாட்களுக்கு உரியது. முதுகு வளைந்தோ, உடலை ஆட்டி உதறியோ தூக்கியதைத் தடவையாக எண்ணாதீர்கள். விடைத்தாளைப் பார்த்து எழுதிய விடைக்கு மதிப்பெண் இல்லையன்றோ? பெரும் பயிற்சிகளில் சுற்றுகளுக்கிடையே இரண்டு மூன்று நிமிடம் இளைப்பாறுங்கள். மார்புக்கு மேல் எடையை உந்தும்போது, அருகில் தாங்கிப் பிடிக்க ஒருவர் இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாட்களில் கடும் பயிற்சி கொடாதீர்கள். வளர்ச்சி நிகழ்வது தூக்கும்போது அன்று, இளைப்பாறும்போது.

“எடை தூக்கினால் சிறுவர் உயரம் குன்றிவிடுவர்” என்று பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். தகுந்த மேற்பார்வையோடு, முறையாகச் செய்யும் பயிற்சியால் வளர்ச்சி கெடுவதில்லை என்பது, குழந்தை மருத்துவர்களின் அமெரிக்கக் கழகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின் கருத்து. ஆனால், மேற்பார்வை என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பள்ளிச் சிறுவர் வெறுந்தண்டையோ, அதைவிட இலேசான கோலையோ கொண்டு, முதலிற் செய்முறையைப் பழகுவதே முறை. ஒரே தடவைக்கான உச்ச எடையைத் தூக்கிக் காட்டும் போட்டி அவர்களுக்கு ஆகாது. மாணவியரே, இது ஆடவர்க்கு மட்டும் உரியது என்று ஒதுங்கவேண்டா. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்ற புகழ் அவருக்கு அந்த இரும்பினால்தான் வந்தது. மேலே சொன்ன கணக்குகள் அனைத்தும் உங்களுக்கும் அவ்வாறே பொருந்தும்.

இத்தனையும் சொன்ன பின்னர், எல்லாவற்றினும் விலை குறைந்ததும் பயன் மிகுந்ததுமான கருவி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும்தான் அது. தேதி, பயிற்சியின் பெயர், எடை, ஒவ்வொரு சுற்றிலும் தூக்கிய தடவை ஆகிய நான்கையும் அன்றன்றே அங்கேயே எழுதிவிடுங்கள். எழுதாதவருக்கு நேற்றைய எண் நினைவில் நிற்பதில்லை. நினைவில் நில்லாததால், அடுத்திருப்பவருடைய எடையைப் பார்த்தே தம் தட்டை மாட்டுகிறார். பெருமைக்கும் பொறாமைக்கும், பின்னர் முதுகு வலிக்கும், அதுவே வாயில். எழுதுகிறவருக்கோ போட்டியாளர் ஒருவரே. சென்ற வாரத்துத் தாமே அவர். அவரை இன்று ஒரு தடவையால் வென்றால் போதும்.

மூன்று பத்தா, ஐந்து ஐந்தா, எட்டிலிருந்து பன்னிரண்டா என்பதை உங்கள் நோக்கம் தீர்மானிக்கட்டும். எடையை எப்போது ஏற்றுவது என்பதை நோட்டுப் புத்தகம் தீர்மானிக்கட்டும். பக்கத்தில் நின்று பார்ப்பவருடைய கண்கள் இரண்டையும் தீர்மானிக்க இடங்கொடாதீர்கள். நாளைக்கே ஒரு முறையைத் தேர்ந்து, முதற் பக்கத்தில் தேதியிட்டுத் தொடங்குங்கள். எட்டு வாரம் கழித்து அப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் உடலும் உள்ளமும் உரம் பெற்று, வீட்டுக்கும் நாட்டுக்கும் பயன்படுவனவாகுக.